கண்ணாடியில் இரண்டு காதுகள்

“கிளட்சை அமுக்குன்னா அமுக்கணும். தடவிக் குடுக்கக் கூடாது. அது என்ன, உங்க வீட்டுப் பூனையா?”

தெருமுனை ரொட்டிக்கடையில் காலையில் நிற்பவர்களுக்குக் கார் வருவதற்கு முன்பே இந்தக் குரல் வந்துவிடும். குரல் கேட்டதும் கடைக்காரர் ஒரு பன்னைத் தாளில் சுற்றித் தனியாக எடுத்துவைப்பார். பிறகுதான் அந்த வெள்ளைக் கார் விக்கி விக்கித் திரும்பும். தலையில் பயிற்சிப் பள்ளியின் பலகை. ஓட்டுநர் இருக்கையில் வியர்த்துக் கொட்டும் யாரோ ஒருவர். பக்கத்தில் மாஸ்டரம்மா. பின் இருக்கையில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பழுப்பு நாய்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் மாஸ்டரம்மாவுக்கு ஒரு தனி வழி உண்டு. சாவியைத் திருப்பும் முன் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அளவுகோல் நாய்தான்.

“கண்ணாடியில என்ன தெரியுது?”

“பின்னாடி ரோடு தெரியுது மேடம்.”

“ரோடு எங்கயும் போகாது. காது தெரியுதா?”

“ஒரு காது தெரியுது.”

“அப்ப கண்ணாடி கோணல். ரெண்டு காதும் தெரியணும், நடுவுல ரோடு தெரியணும். திருப்பு.”

அந்தக் காதுகளில் ஒன்று செங்குத்தாக நிற்கும். இன்னொன்று நுனியில் மடிந்து, பாதி படித்த புத்தகத்தின் பக்கம் போலிருக்கும். இந்த ஊரில் வண்டி ஓட்டும் பலருக்கும் இன்றைக்கும் கண்ணாடியைப் பார்த்தால் அங்கே இரண்டு காதுகள் இல்லாதது ஒரு குறையாகவே படுகிறது.

நாயின் பெயர் நியூட்ரல். பயிற்சித் திடலில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த குட்டி. மற்ற நாய்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து குதறிக்கொண்டபோது இது மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் காரின் நிழலில் படுத்துக் கொட்டாவி விட்டது. “முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல, சும்மா ஒரே எடத்துல கெடக்குது பாரு” என்று மாஸ்டரம்மா கதவைத் திறந்தார். ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து அது நியூட்ரல், கொஞ்சும்போது நியூட்டு.

மாஸ்டரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. குட்டையான உருவம், அடி தேய்ந்த கேன்வாஸ் காலணி, கழுத்தில் விசில். அந்த விசிலை அவர் ஊதி யாரும் பார்த்ததில்லை, தேவைப்பட்டதில்லை. அவருடைய காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்கில் அதன்மேல் பாதத்தை வைத்திருந்த பழக்கம் காரைவிட்டு இறங்கினாலும் விடுவதில்லை. பேருந்தில் போனால் ஓட்டுநருக்கு முன்பே தரையை மிதிப்பார். சினிமாவில் கதாநாயகன் வண்டியை விரட்டினால் முன் இருக்கைக்காரர் முதுகில் உதை விழும். சாப்பாட்டு மேசையில் யாராவது வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தாலும் அடியில் கால் அழுந்தும்.

அவர் வண்டி ஓட்டக் கற்ற கதையைக் கேட்டால் அவரைவிட அவர் வீட்டுக்காரர்தான் அதிகம் சிரிக்கிறார். கல்யாணமான புதிதில் மாஸ்டரம்மாவின் அண்ணன் தங்கையின் கணவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தார். புதுப்பெண் துணைக்குப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். முன்னால் இருந்த மாணவருக்குக் கடைசிவரை வரவில்லை. பின்னால் இருந்தவர் கற்றுக்கொண்டுவிட்டார். “முன்னாடி உக்காந்தவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். பின்னாடி உக்காந்தவளுக்கு ரோடும் தெரியும், முன்னாடி இருக்கறவன் பண்ற தப்பும் தெரியும்” என்பார். நியூட்ரல் பின் இருக்கையில் தூங்கிவிட்டால் மாணவர் தேறிவிட்டார் என்று அறிவிப்பதும் இந்தக் கணக்கில்தான்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தூசி விழுந்தாலும் திட்டாத மனிதர். ஒரு வீட்டில் ஒருவர் பேசினால் போதும் என்று என்றைக்கோ முடிவு செய்துகொண்டவர்போல வாழ்கிறார். நாயிடமும் பேச்சு கிடையாது. மாஸ்டரம்மாதான் அதனிடம் நாள் முழுக்கப் பேசுவார், அதுவும் வண்டி பாஷையில். தட்டிலிருந்து விலக “ரிவர்ஸ்”. தெருவைக் கடக்கும் முன் நிற்க “பிரேக்”. படுக்க “பார்க்கிங்”. எல்லாவற்றையும் நியூட்ரல் பிசகாமல் செய்யும்.

அந்தக் காரில் ஒரே ஒரு தடை உண்டு. ஹாரனைத் தொடக் கூடாது. வெளியே யார் அடித்தாலும் நியூட்ரல் முறைப்பதோடு சரி. சொந்தக் காரில் அடித்தால் கழுத்தை நீட்டி ஓர் ஊளை. அதைக் கேட்டுத் தெருநாய்களெல்லாம் ஒத்து ஊதும். “ஹாரன் பொறுமையில்லாதவங்களுக்கு. நமக்கு எதுக்கு?” என்று மாஸ்டரம்மா அதை ஒரு கொள்கையாகவே மாற்றிவிட்டார். அதற்கு ஈடாகக் கை சைகைகளைக் கறாராகச் சொல்லிக்கொடுப்பார். இப்போது யாரும் செய்வதில்லையே என்று மாணவர்கள் முனகினால், “இண்டிகேட்டர் பல்பு போயிடும். கை போகாது” என்பார். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழும் மெதுவாக அசைக்க வேண்டும். நான் வேகத்தைக் குறைக்கிறேன், பின்னால் வருகிறவரே, நீங்களும் நிதானமாக வாருங்கள் என்று அர்த்தம். “கொசு அடிக்காத. குழந்தையைத் தூங்க வைக்கற மாதிரி அசை” என்று நூறு தடவை திருத்துவார்.

சமீப காலமாக வெளியே அடிக்கும் ஹாரன்களுக்கும் நியூட்ரல் முறைக்காமல் இருந்தது. “பக்குவம் வந்துடுச்சு என் புள்ளைக்கு” என்று மாஸ்டரம்மா ரொட்டிக்கடையில் பெருமைப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்த மகளுக்குப் பிரசவம். போகாமல் முடியாது. போன இடத்திலிருந்து தினமும் தொலைபேசி. பேரனின் முகத்தை வர்ணித்து முடித்ததும், “போனை அவன் காதுல வைங்க” என்பார். வீட்டுக்காரர் வைப்பார். “நியூட்டு! அம்மா பேசுறேன்டா! சாப்ட்டியா?” என்று அங்கிருந்து கத்துவது எதிர்வீட்டுக்குக்கூடக் கேட்கும்.

“என்னங்க பண்றான்?”

“வாலாட்டுறான்.”

“வேகமாவா, மெதுவாவா?”

“நல்லா வேகமா.”

ஆனால் மாஸ்டரம்மா திரும்பி வந்த அன்று வாசலில் யாரும் வாலாட்டவில்லை. “நியூட்ரல்!” என்று பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே குரல் கொடுத்தார். மேசைக்கு அடியில், கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அசையவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றதும் திடுக்கிட்டு எழுந்து, மேலே பாய்ந்து, நக்கி, முனகி, நாற்காலியைக் கவிழ்த்து ஒரே ஆர்ப்பாட்டம்.

“அடேயப்பா. எதிர்ல வந்து நின்னாத்தான் ஐயாவுக்குக் கண்ணு தெரியுதோ?”

முதல் நாள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு குறைந்தது. கூப்பிட்டால் வருவதில்லை. “ரிவர்ஸ்” என்றால் தட்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளும். காரில் ஏறும், பழையபடி நிமிர்ந்து உட்காரும், ஆனால் “நியூட்டு” என்றால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் போனால் மட்டும் கொஞ்சல்.

“வேஷம்” என்றார் வீட்டுக்காரரிடம். “மனசுல வெச்சுக்கிட்டிருக்கான். விட்டுட்டுப் போயிட்டேன்ல.”

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிப் போட்டதும் கூடத்தின் அந்த மூலையிலிருந்து எழுந்து ஓடியது நியூட்ரல்.

“பாருங்க. உங்ககிட்ட மட்டும் எப்படி ஓடி வர்றான் பாருங்க! பத்து நாள்ல கட்சி மாறிட்டான்.”

“நான் கூப்பிடவே இல்லையேம்மா.”

“அதைத்தான் சொல்றேன். உங்களுக்குக் கூப்பிடாமலே வர்றான். நான் தொண்டை கிழியக் கத்துறேன்.”

ரொட்டிக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு காரணம் சொன்னார். “புதுசா ஒண்ணு பொறந்தா பழைய புள்ளைக்குக் கோவம் வராதா? உங்க துணியிலெல்லாம் பேரன் வாசனை இருக்கும். மோப்பம் புடிச்சிருக்கும்.” மாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து, பேரனைத் தூக்கிய துணிகளையெல்லாம் மறுபடி ஊறவைத்து அலசிப் போட்டார். போட்டுவிட்டு, பச்சைக் குழந்தையின் வாசனையைத் துவைத்துவிட்டோமே என்று அதற்கும் ஒரு மூச்சு வருத்தப்பட்டார்.

சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் பின்பக்கம் திரும்பிச் சமாதானம் பேசினார். “தப்புதான்டா. சொல்லிட்டுப் போயிருக்கணும். அதுக்காக இப்படியா முகத்தைத் திருப்பிக்குவ?”

ஓட்டிக்கொண்டிருந்த மாணவி தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “பரவாயில்ல மேடம்” என்றாள்.

“உன்னை யாரும்மா சொன்னா? நீ விளக்கைப் பாரு.”

பேச்சு அதட்டலாக இருந்தாலும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை வீட்டுக்காரர் கவனித்தார். குரலே மூலதனமாக வாழ்ந்த பெண்மணி. அந்தக் குரலுக்கு அதட்டாமலே ஓடிவந்த ஒரே ஜீவன் அது. மகள்கூடச் சிறு வயதில், “அம்மா, ஸ்கூல் வாசல்ல மட்டும் கூப்பிடாதம்மா, எல்லாரும் சிரிக்கறாங்க” என்று கெஞ்சியவள்தான். நியூட்ரல் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இப்போது அதற்கும் இந்தக் குரல் வேண்டாம் என்றால்? கோபம் தணியும் என்று காத்திருந்தார். அது தணிகிறதாகவே தெரியவில்லை.

இந்த நேரத்தில் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார் தையற்காரர். நடு வயது. தைத்த சீருடைகளைத் தானே காரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வாழ்நாளெல்லாம் தையல் மெஷினை மிதித்த கால். ஆக்சிலேட்டரையும் அப்படியே மிதித்தது. கார் தடதடவென்று கொஞ்ச தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி தடதட.

“யோவ், இது சட்டையா? ஒரேயடியா மிதிச்சுக்கிட்டு விடுறீங்க!”

“துணி முடியற இடத்துல கால் தானா நின்னுடும் மேடம். இங்க ரோடு முடியவே மாட்டேங்குதே.”

“ரோடு முடிஞ்சா நாமளும் முடிஞ்சோம். நேராப் பாருங்க.”

அவர் நேராகப் பார்க்கவில்லை. கிளட்ச் எங்கே என்று குனிந்து பார்த்தார். குனிந்த வேகத்தில் மார்பு முழுவதும் ஹாரன் மேல் சாய்ந்தது. தெருவே அதிரும்படி நீளமாக ஒரு சத்தம். மின்கம்பியில் இருந்த புறாக்கள் பறந்தன. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். மாஸ்டரம்மா தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார்.

தையற்காரருக்குத் தடை தெரியும். வரப்போகும் ஊளைக்குத் தயாராக இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை மட்டும் எடுத்துப் பார்த்தார்.

“பரவால்ல மேடம். பழகிட்டான் போல. சத்தமே காணோம்.”

மாஸ்டரம்மா, பின்னால் வருவதைப் பார்க்கத் தனக்கென்று வைத்திருக்கும் சிறிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்த காது ஒன்று, நுனி மடிந்த காது ஒன்று. கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி அவரே ஹாரனை அழுத்தினார். காதுகள் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார், இம்முறை நீளமாக. நியூட்ரல் ஜன்னல் வழியே புறாக்கள் திரும்பி வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தற்செயலாகத் திரும்பி, கண்ணாடியில் மாஸ்டரம்மாவின் கண்களைச் சந்தித்து, வாலை இருக்கையில் டப் டப்பென்று அடித்தது.

“இன்னிக்குப் போதும். இறங்கிக்குங்க” என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசித் தையற்காரர் கேட்டதில்லை. தன்னைப் பள்ளியை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று பயந்து அடுத்த நாள் அவர் வரவேயில்லை. ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

கால்நடை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பின்னால் நின்று கை தட்டினார், தட்டைத் தட்டினார்.

“வயசாச்சும்மா. மருந்து ஒண்ணும் இல்ல. திடீர்னு போறதில்ல இது, கொஞ்சம் கொஞ்சமா அடங்கிக்கிட்டே வந்திருக்கும். இவ்வளவு நாள் உங்களுக்குத் தெரியாமப் போனதுதான் ஆச்சரியம்.”

“என் குரல் கொஞ்சம் ஜாஸ்திங்க டாக்டர்.”

“கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்று மருத்துவர் சிரித்தார். “அதான் காரணம். மத்த சத்தமெல்லாம் எப்பவோ போயிருக்கும். கடைசி வரைக்கும் கேட்டது உங்க குரலாத்தான் இருக்கும்.”

மாஸ்டரம்மா நாயின் மடிந்த காதை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார். விட்டதும் அது தானாக மடிந்துகொண்டது.

வீட்டில் அன்று நடந்த பேச்சுவார்த்தையில் வீட்டுக்காரர்தான் முதலில் உண்மையைச் சொன்னார்.

“நீ போன்ல பேசினப்ப அவன் வாலாட்டல. சும்மா சொன்னேன். உன்னைப் பிரிஞ்ச ஏக்கம்னு நினைச்சேன்.”

“வேகமா ஆட்டுறான்னு வேற சொன்னீங்க.”

“நீதானே வேகமாவான்னு கேட்ட.”

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “கோவமே இல்லாதவனை இத்தனை நாள் திட்டியிருக்கேனே. சரி, நீங்க எப்படிக் கூப்பிடறீங்க அவனை?”

“நான் எங்க கூப்பிடறேன்?” என்று யோசித்தார் அவர். பிறகு குதிகாலால் தரையில் இரண்டு முறை மிதித்துக் காட்டினார். மேசைக்கு அடியில் கிடந்த நியூட்ரல் தலையைத் தூக்கியது. “செருப்பைக் கழட்டிப் போடறப்ப தரை அதிருது. அவன் வந்துடறான். எனக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட எப்பவுமே வராதும்மா. உன்னையே கூப்பிட்டதில்ல. கதவுல ரெண்டு தட்டு தட்டுவேன், நீ வந்துடுவ.”

இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது மாஸ்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் நாயை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். காது கேட்காத நாய்க்குத் தெரு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். முதல் மாணவி சாவியை எடுத்ததும், “காது தெரியுதா?” என்று பழக்கத்தில் கேட்டார்.

“எந்தக் காது மேடம்?”

“திருப்பு வண்டிய. எங்க வீட்டுக்கு விடு.”

அதன் பிறகு நியூட்ரல் உடம்பைச் சுற்றிக் கட்டிய வாரும் கயிறுமாகத்தான் பின் இருக்கையில் பயணம் செய்கிறது. கயிற்றின் மறுமுனை இருக்கைப் பட்டையில். கற்றுக்கொள்வது இப்போது மாஸ்டரம்மாவின் முறை. வாயைத் திறக்காமல் ஒன்றைச் சொல்வது அவருக்குப் பெரும்பாடு. “பார்க்கிங்” என்று கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையால் காட்டுவார். தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பினால் மிரண்டுபோகிறது என்பதால் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கக் கற்றுக்கொண்டார். வாசனை உள்ளே போய்ச் செய்தி சொல்லி, மெல்ல ஒரு கண் திறக்கும். இறங்கும் இடம் வந்தால் தன் பக்கத்து பிரேக்கை லேசாக இரண்டு முறை தொடுவார். கார் சின்னதாகக் குலுங்கும். நியூட்ரல் எழுந்து நிற்கும்.

இதில் புது மாணவர்கள்தான் பாவம்.

“ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா மேடம்?”

“உனக்கில்ல. அவனுக்கு. நீ ஓட்டு.”

மாணவர்களிடம் அவர் குரல் ஒரு நூல்கூடத் தணியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் இப்போதும் அதைக் கேட்டுத்தான் பன்னைச் சுற்றுகிறார்.

தையற்காரருக்குக் கடைசி நாள் பயிற்சி. கால் பழகிவிட்டது, கார் ஒரே நூலில் தைத்ததுபோல ஓடியது. “இன்னிக்குத் தையல் நேரா இருக்கு” என்றார் மாஸ்டரம்மா. அவர் வாயிலிருந்து பாராட்டு வந்த திகைப்பில் தையற்காரர் கிளட்சை மறந்தார். கார் ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னால் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த நியூட்ரல் விழித்துக்கொண்டு, இடம் புரியாமல், இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பியது. இரண்டு காதுகளும் எதையோ தேடி நிமிர்ந்தன.

“கிளட்ச்! கிளட்ச்! சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள! ரோட்டைப் பாருங்க, என்னை என்ன பார்வை?” என்று மாஸ்டரம்மா முன்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய கை மட்டும் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பின்னோக்கி நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழும், மெதுவாக, மெதுவாக அசைந்தது. நியூட்ரல் அந்தக் கையைப் பார்த்தது. முகவாய் இருக்கையில் இறங்கியது.

தையற்காரர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துவிட்டார். கார் நின்ற பிறகும் அந்தக் கை அசைந்துகொண்டே இருந்தது.